அதே சிலையா, அதே மாதிரிச் சிலையா? ‘ஒரே’ என்ற சொல்லுக்குள் இருக்கும் நான்கு கேள்விகள்

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து சோழர் காலத் திருமேனி திரும்பி வருகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வரும்: “நம்ம கோயிலில் இருந்த அதே சிலைதான் இது என்று எப்படிச் சொல்கிறார்கள்?” 2025 மே 4 அன்று மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை ஒன்றிய வேளாண் அமைச்சர் அறிவித்தார். அவற்றில் ஒன்று, காவிரி டெல்டாவில் சம்பாவுக்குப் போடும் பிபிடி 5204 என்ற சாம்பா மசூரியிலிருந்து உருவானது. அதைப் படித்த விவசாயிக்கும் ஏறக்குறைய அந்தக் கேள்விதான் தோன்றும்: “இது நாம் போடும் அதே நெல்லா, வேறா?”

இரண்டு கேள்வியிலும் ‘அதே’ இருக்கிறது. ஆனால் முதல் கேள்விக்கு விடை தேடும் வழியில் இரண்டாவதற்குப் போனால் எங்கும் போய்ச் சேர முடியாது. ஒன்றாக இருப்பது, ஒத்திருப்பது, ஒரு பெயருக்குள் அடங்குவது, ஓயாமல் நீள்வது என்று தனித்தனியான நான்கு நிலைகளை நாம் ஒரு சொல்லால் குறித்துவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சொல், நான்கு வேலை

‘ஒரே’ என்பது ஒரு + ஏ. ‘அதே’ என்பது அது + ஏ. ஏகாரத்துக்கு இலக்கணம் பல பொருள்களைச் சொல்கிறது. அவற்றில் இரண்டு நமக்கு இங்கே வேண்டும். மற்றவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது பிரிநிலை. உறுதிப்படுத்திச் சொல்வது தேற்றம். இந்தச் சின்ன ஏகாரத்தை வைத்துக்கொண்டு அன்றாடப் பேச்சில் நாம் நான்கு விதமாகப் பேசுகிறோம்:

1. அதுவே. “நேற்று கும்பகோணம் பஸ்ஸில் பார்த்த அதே ஆள்.” இருப்பது ஒருவர்தான், இரண்டு தடவை பார்த்திருக்கிறோம். அடையாளம் என்று சட்டமும் தத்துவமும் பேசுவது இதைத்தான்.

2. ஒத்தது. “அக்காவும் தங்கையும் ஒரே மாதிரி.” இருப்பவர்கள் இருவர். சாயல் மட்டும் ஒன்று.

3. ஒரு வகை. “இரண்டு வயலிலும் ஒரே ரகம்.” இங்கே எண்ணிக்கையும் முக்கியமில்லை, சாயலும் முக்கியமில்லை. ஒரு பெயருக்கான தகுதி இரண்டுக்கும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

4. ஓயாதது. “ஒரே மழை”, “ஒரே புழுக்கம்”, “நாலு நாளாக ஒரே சாம்பார்.” இங்கே எதையும் எண்ணவில்லை, எதோடும் ஒப்பிடவில்லை. வேறு எதுவும் இடையில் வரவில்லை என்பதே பொருள்.

முதல் பொருளில் இந்தச் சொல் மதிப்பைக் கூட்டுகிறது. ‘ஒரே மகன்’ என்றால் அவனுக்கு ஈடு கிடையாது. நான்காவதில் அதே சொல் சலிப்பைக் காட்டுகிறது. அருமைக்கும் அலுப்புக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது எனக்கு இந்த மொழியின் நுட்பமான இடங்களில் ஒன்றாகப் படுகிறது.

இந்த நான்கில் முதல் இரண்டைக் கலந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இரண்டு பொருள்கள் எவ்வளவு ஒத்திருந்தாலும் அவை இரண்டுதான். அதே நேரம், ஒரு மனிதரின் பத்து வயதுப் படமும் எழுபது வயது முகமும் கொஞ்சமும் ஒத்துப்போகாது. ஆனாலும் ஆள் ஒருவர்தான். ஒத்திருப்பதால் அதுவே என்றும் சொல்ல முடியாது, ஒத்திராததால் அதுவல்ல என்றும் சொல்ல முடியாது.

அதுவே என்று நிறுவுவது எப்படி?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம் என்ற சிற்றூர். 1951 இல் அங்கே நிலத்துக்கடியில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. நடராஜரும் அவற்றில் ஒருவர். திருமேனிகள் ஊர்க் கோயிலுக்கு வந்தன. பழுது பார்ப்பதற்காக வெளியே போன நடராஜர், 1950களின் நடுவில் கோயிலுக்குத் திரும்பியபோது பிரதியாகத் திரும்பினார். அசல் கைமாறிப் பம்பாய்க்கும், பிறகு அமெரிக்காவுக்கும் போனது. கோயிலில் இருப்பது பிரதி என்பதை 1965 இல் பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் டக்ளஸ் பாரெட் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய தம் நூலில் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 1973 இல் அமெரிக்கச் செல்வந்தர் நார்டன் சைமன் அந்த அசலை 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976 இல் உடன்பாடு. சிலை பத்தாண்டு அமெரிக்காவில் இருந்துவிட்டு 1986 இல் திரும்பியது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிரதி எவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே இருந்தது என்பது. ஒத்திருத்தல் முழுமையாக இருந்தது. அதுவே ஆதல் துளியும் இல்லை. அந்த ஆண்டுகளில் அங்கே நின்று கும்பிட்டவர்களின் பக்தியில் ஒரு குறையும் கிடையாது. ஏமாற்றப்பட்டது ஊர், அதன் உரிமை.

ஆக, பார்வைக்கு ஒத்திருப்பதை வைத்து அடையாளத்தை நிறுவ முடியாது. பின்னே எதை வைத்து நிறுவுவது? ஒரு பொருள் வந்த வழியை வைத்து. கிடைத்த இடத்திலிருந்து இன்று இருக்கும் இடம் வரை இடையறாத ஒரு தடம் இருக்க வேண்டும். அந்தத் தடத்தை மூன்று வகைச் சான்றுகள் தருகின்றன:

1. பழைய புகைப்படம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008 இல் ஏறக்குறைய 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களில் எடுத்துச் சேர்த்துவைத்திருந்த படங்கள் உதவிக்கு வந்தன. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. இப்படி ஒப்பிடும்போது அழகையும் பாணியையும் விடக் குறைகள்தான் பேசும்: உடைந்த சுடர், வார்ப்பில் விழுந்த குழி, தேய்ந்த விரல். குறைகளைச் சேர்த்துப் பார்த்தால் கைரேகை மாதிரி ஆகிவிடும்.

2. மண்ணும் உலோகமும். திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976 இல் கிடைத்த நடராஜர் லண்டன் போய்ச் சேர்ந்தார். “லண்டனில் இருப்பது பத்தூரில் கிடைத்த சிலைதானா” என்பதே அங்கே நடந்த வழக்கின் மையக் கேள்வி. பத்தூரில் பின்னர் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு அது ஒப்பிடப்பட்டது. படிந்திருந்த மண், உலோகக் கலவை, கரையான் தடம் வரை வல்லுநர்கள் விவாதித்தார்கள். 1988 இல் கோயில் பக்கம் தீர்ப்பு வந்தது. 1991 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிலை திரும்பியது.

3. கைமாறிய கணக்கு. யார், எப்போது, யாரிடம் வாங்கினார் என்ற பதிவு. களவுச் சிலைகளோடு வரும் ஆவணங்களில் பல போலி என்பதால், இது தனியாக நின்று போதாது.

இவை எல்லாம் செல்லுபடியாவதற்கு அடியில் தொழில் சார்ந்த ஒரு காரணம் இருக்கிறது. சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் செய்யும் முறைதான் அது. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன் மேல் காவிரியின் மெல்லிய வண்டலைப் பூசி, அப்புறம் களிமண்ணால் மூடிக் காயவைப்பார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகமமும் சிற்ப நூல்களும் அளவை இறுக்கமாக விதிக்கின்றன. ஸ்தபதி தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்துத் தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்கில் முகம், மார்பு, கால் என்று பிரிப்பார். ஆகையால் நூறு நடராஜரும் ஒரே இலக்கணத்தில் நிற்பார்கள். ஆனால் ஒரே அச்சில் இருவர் பிறக்க முடியாது. ‘அச்சு அசல்’ என்று நாம் சொல்கிறோமே, இந்தத் தொழிலில் அச்சு உடைந்த பிறகுதான் அசலே கிடைக்கிறது. வகையில் ஒன்று, பொருளில் தனி என்ற இந்த ஏற்பாடுதான் ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வருகிறது.

எல்லாம் மாறியும் அதுவேயாக இருப்பது

பத்தூர் வழக்கில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சிலையைக் கேட்ட கோயில் இடிந்து கிடந்தது, பூசை இல்லை. அப்படிப்பட்ட கோயில் வழக்காட முடியுமா? முடியும் என்றது நீதிமன்றம். இந்தியச் சட்டத்தில் தெய்வம் உரிமையுள்ள ஒரு நபர் என்பது 1925 இலேயே அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஏற்ற கருத்து. கல் சரிந்தாலும் அந்த நபர் சரிவதில்லை.

டெல்டாவில் இந்த எண்ணம் புதிதில்லை. திருவாரூர் ஆழித்தேர் 1926 இல் தீப்பிடித்து எரிந்தது. புதிய மரத்தில் மறுபடி தேர் செய்தார்கள். நடுவில் ஓட்டம் நின்றுபோய், 1970 இல் திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியோடு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தி மீண்டும் ஓடியது. பழைய மரம் இல்லை, பழைய சக்கரம் இல்லை. ஆனாலும் வடம் பிடிப்பவர்கள் “புதுத் தேர்” என்று சொல்வதில்லை. ஆழித்தேர் என்றுதான் சொல்கிறார்கள். குடமுழுக்கில் இதற்கு ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். திருப்பணி தொடங்குமுன் சாந்நித்தியத்தை, அதாவது தெய்வத்தின் இருப்பை, கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னிதி அமைப்பார்கள். பணி நடக்கும்போது கட்டடம் வெறும் கட்டடம். முடிந்ததும் மீண்டும் மூலவருக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் 23 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2020 பிப்ரவரி 5 அன்று நடந்த குடமுழுக்கும் இப்படித்தான். பொருள் மாறும்போது அடையாளம் எங்கே தங்கியிருக்கும் என்ற கேள்விக்கு இவ்வளவு நேரடியாக ஓர் இடம் ஒதுக்கி விடை சொன்ன வேறு நடைமுறை எனக்குத் தெரியாது.

ஆறு இன்னும் சுவாரஸ்யமானது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் போகிறது. கல்லணையில் மறுபடி பிரிவு: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், மிஞ்சினால் கொள்ளிடம். அதற்குக் கீழே காவிரி குடமுருட்டிக்கும் அரசலாற்றுக்கும் தண்ணீரைக் கொடுத்துக் கொடுத்து மெலிந்து, பூம்புகாரில் கடலைத் தொடும்போது பெரிய வாய்க்கால் அளவில்தான் இருக்கிறது. தண்ணீர்தான் ஆறு என்றால் கொள்ளிடத்தைத்தான் காவிரி என்று சொல்லியிருக்க வேண்டும். பெயர் தண்ணீரின் அளவோடு போகவில்லை. பூம்புகாருக்குப் போகும் வழியோடு போயிருக்கிறது. அப்புறம் ஆடிப்பெருக்கு அன்று அரசலாற்றங்கரையில் காதோலை கருகமணி வைத்துப் படைப்பவரும் காவிரித் தாயைத்தான் கும்பிடுகிறார். வரைபடத்தில் பல ஆறு, வழிபாட்டில் ஒரு தாய்.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பவை: மாற்றம் ஒரு தொடர்ச்சிக்குள் நடக்கிறது, செய்யும் வேலை தொடர்கிறது அல்லது நின்றாலும் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது, “இது எங்களுடையது” என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாவது போய்விட்டால் முதல் இரண்டும் ஆவணமாக மட்டும் மிஞ்சும்.

ஒரே ரகம் என்றால் என்ன?

இனி நெல்லுக்கு வருவோம். நெல்லில் ‘அதுவே’ என்ற கேள்வி எழாது. விதைத்த மணி முளைத்து அழிந்துவிடுகிறது. இங்கே கேட்கக்கூடியது மூன்றாவது கேள்வி: இது அந்த வகையா?

இதற்குச் சட்டத்தில் அளவுகோல் இருக்கிறது. தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001, ஒரு ரகத்தைப் பதிவு செய்ய மூன்று சோதனை கேட்கிறது:

1. வேறுபாடு: ஏற்கெனவே தெரிந்த மற்ற ரகங்களிலிருந்து தெளிவாக வேறாக இருக்க வேண்டும்.
2. சீர்மை: ரகத்துக்குள் செடிக்குச் செடி ஒத்திருக்க வேண்டும்.
3. நிலைப்பு: தலைமுறை தலைமுறையாக விதைத்தாலும் குணம் மாறக் கூடாது.

வெளியே பார்த்தால் வேறு, உள்ளே பார்த்தால் ஒன்று, காலத்தில் பார்த்தால் மாறாதது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ‘ஒரே ரகம்’. நெல் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பதால் இது சாத்தியமாகிறது. ஆனால் தானாக நடப்பதில்லை. வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை என்று படிப்படியாகப் பெருக்கும்போது ஒவ்வொரு படியிலும் வயலில் இறங்கிக் கலவன் (கலந்துவிட்ட வேற்று ரகச் செடி) பிடுங்க வேண்டும். சான்று நெல் விதைக்குப் புறத்தூய்மை குறைந்தது 98 சதவீதம், முளைப்புத் திறன் 80 சதவீதம், ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பவை விதிகள். ஒரே மாதிரி என்பது இயற்கையாக அமைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு போகமும் உழைத்துக் காப்பாற்ற வேண்டியது.

பெயர் எவ்வளவு தூரம் பிறப்பிடத்தைச் சொல்லும் என்பதற்குப் பொன்னியே உதாரணம். பொன்னி என்பது காவிரியின் இன்னொரு பெயர். டெல்டாவின் அரிசி என்றாலே பலருக்கு நினைவு வருவது அதுதான். ஆனால் அதன் மூலம் மலேசியாவில் உருவான மசூரி. தைவானின் தைச்சுங் 65, மலேசியாவின் மாயாங் எபோஸ் 80 ஆகிய இரண்டையும் இணைத்து, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஒட்டுத் திட்டத்தில் பிறந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த திருந்திய வெள்ளைப் பொன்னி 1986 இல் வெளியானது. அதே ஆண்டு வந்த ஆந்திராவின் பாபட்லா ரகமான பிபிடி 5204 க்கும் மசூரி ஒரு பெற்றோர். இன்னொரு பக்கம் பார்த்தால், கிச்சிலிச் சம்பா என்று நம்மிடம் பேர்பெற்ற ஜி.இ.பி. 24 பிபிடியின் வம்சத்தில் இருக்கிறது. இதனால் பொன்னி நம்முடையதில்லை என்று ஆகிவிடாது. ஆழித்தேருக்குச் சொன்ன நியாயம் இதற்கும் பொருந்தும்.

அப்படியானால் மரபணுத் திருத்திய நெல்?

2025 இல் அறிவித்த இரண்டில் ஒன்று டி.ஆர்.ஆர். தான் 100 என்ற கமலா. ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் சாம்பா மசூரியிலிருந்து உருவாக்கியது. கதிரில் மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவின் வேலையைக் குறைத்ததால் மணி கூடும் என்பது அடிப்படை. விளைச்சல் 19 சதவீதம் கூடுதல், சுமார் 20 நாள் முந்தி அறுவடை என்பது அறிவிப்பில் சொன்னது. மற்றது, எம்.டி.யு. 1010 என்ற ரகத்திலிருந்து டெல்லியில் உருவான பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1, வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்கானது.

வேறு உயிரின் மரபணுவைக் கொண்டுவந்து செருகுவது மரபணு மாற்றம். செடியில் ஏற்கெனவே உள்ளதைக் குறித்த இடத்தில் வெட்டிச் சிறிதளவு மாற்றுவது மரபணுத் திருத்தம். இறுதிப் பயிரில் அயல் மரபணு இல்லாத திருத்த வகைகளுக்கு, மரபணு மாற்றப் பயிருக்கான 1989 ஆம் ஆண்டு விதிகளின் கடுமையான பிரிவுகளிலிருந்து ஒன்றிய அரசு 2022 மார்ச்சில் விலக்கு அளித்தது. சண்டை அங்கே தொடங்குகிறது. ஆதரிப்பவர்கள் “இயற்கையாக நிகழக்கூடிய மாற்றத்தோடு ஒத்ததுதான்” என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் “பழைய நெல் இல்லையே, பிறகு ஏன் முழுச் சோதனை இல்லை” என்கிறார்கள். இருவர் சொல்வதையும் நம் கேள்விகளில் இங்கே பொருந்துபவற்றில் வைத்துப் பார்த்தால்:

1. கமலாவும் சாம்பா மசூரியும் ஒரு ரகமா? இல்லை. தனிப் பெயர், தனி ரகம். ‘அதே பிபிடி’ என்று யாராவது மூட்டையில் எழுதி விற்றால் அது தவறு.
2. ஒத்தவையா? பெரும்பாலான குணங்களில் ஆம், மாற்ற நினைத்த குணங்களில் இல்லை. மாற்ற நினைக்காத குணம் எதுவும் மாறவில்லை என்பதைச் சோதனைத் தரவுகள்தான் காட்ட வேண்டும். நோக்கத்தைச் சொல்வது போதாது.
3. பாதுகாப்பு விதிகளின் கண்ணில் ஒரே வகுப்பா? வழக்கமான ஒட்டு ரகத்தின் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது. இது அரசு எடுத்த முடிவு. அறிவியல் அதற்குக் காரணம் தரலாம். ஆனால் கோடு போட்டது சட்டம்.

“வேறுபடுத்திக் கண்டுபிடிக்க முடியாது” என்பதிலிருந்து “ஆகவே ஒன்றுதான்” என்று தாவக் கூடாது என்பதைச் சிவபுரம் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது. அதே போல, “வேறாக இருக்கிறது” என்பதிலிருந்து “ஆகவே கேடு” என்றும் தாவக் கூடாது. வெள்ளத்தில் சுமார் இரண்டு வாரம் மூழ்கியும் பிழைக்கும் சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல், பழைய சி.ஆர். 1009 க்கு ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து ஒரு மரபணுவை ஒட்டுமுறையில் சேர்த்துக் கிடைத்தது. அதுவும் வேறு ரகம்தான். தண்ணீர் தேங்கும் கடைமடைக்கு அந்த வேறுபாடுதான் தேவை. கமலா விஷயத்தில் நான் கேட்க விரும்புவது வேறு: திருத்தும் கருவிக்கான காப்புரிமை யார் கையில், அதனால் விவசாயி விதையை எடுத்துவைத்து மறுபடி விதைக்கும் உரிமைக்குத் தடை வருமா என்பது. ‘அதே நெல்லா’ என்ற வாதத்தில் இந்தக் கேள்வி பின்னால் போய்விடுகிறது.

எப்போது சலிக்கிறது?

நான்காவது பொருளுக்குப் போகுமுன் ஒரு வாத்தியத்தைப் பார்க்க வேண்டும். நாகஸ்வரக் கச்சேரியில் பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதுவார். ஒரே சுருதி, தொடக்கம் முதல் முடிவு வரை. மூச்சு விடும் இடம் தெரியாமல் கன்னத்தில் காற்றை நிறுத்தி ஊத வேண்டும். ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற ஏச்சு இங்கிருந்துதான் வந்தது. இப்போது சுருதிப்பெட்டி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

ஒத்து மாறவே மாறாது. இருந்தும் கேட்பவருக்குச் சலிப்பதில்லை. காரணம், யாரும் ஒத்தை மட்டும் கேட்பதில்லை. நாகஸ்வரத்தில் வரும் ஒவ்வொரு கமகத்தையும் அதற்கு எதிரில் வைத்துக் கேட்கிறோம். மாறாதது ஒன்று அடியில் இருந்தால்தான் மாறுவது எவ்வளவு மாறுகிறது என்று காதுக்குப் புரியும். நாகஸ்வரத்தை எடுத்துவிட்டு ஒத்தை மட்டும் அரை மணி நேரம் வைத்தால் முதலில் எரிச்சல் வரும், பிறகு காது அதைக் கேட்பதையே விட்டுவிடும். நம் புலன்கள் மாற்றத்தைக் கவனிப்பதற்காக அமைந்தவை. மாறாத வாசனையை மூக்கும் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது.

ஆக, சலிப்பு என்பது ஒரே மாதிரி இருப்பதால் மட்டும் வருவதில்லை. வேறு எதற்கும் இடமில்லாதபோது வருகிறது. வயலில் நடப்பதும் இதுதான்.

ஒரே பயிர், ஒரே ரகம், ஒரே நாள்

டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி எல்லாமே நெல். இது விவசாயியின் பிடிவாதத்தால் வந்ததில்லை. மூன்று காரணங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

1. மண்ணும் தண்ணீரும். களிமண், தேங்கும் நீர், வாய்க்கால் பாசனம். பக்கத்து வயலில் தண்ணீர் நிற்கும்போது நம் வயலில் மட்டும் கடலை போட முடியாது. மேட்டூர் ஜூன் 12 அன்று திறக்கும் என்பதை வைத்து எல்லோரும் ஒரே சமயத்தில் நாற்று விடுகிறார்கள்.

2. கொள்முதல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ரகப் பெயருக்கு விலையில்லை. சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே வகுப்பு. அரிசியின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 2.5 அல்லது அதற்கு மேல் என்றால் சன்னம். 2025-26 க்கு ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். வித்தியாசம் 20 ரூபாய். மணமுள்ள சீரகச் சம்பாவோ, உயரமாக வளர்ந்து வெள்ளத்தைத் தாங்கும் காட்டுயானமோ இந்தத் தராசில் தனியாகத் தெரியாது. விளைச்சல் கூடுதலான நாலைந்து ரகங்களை நோக்கி எல்லோரும் போவது அதனால்தான்.

3. இயந்திரம். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் ஒரே உயரம், ஒரே முதிர்ச்சி கேட்கின்றன. கலப்பு வயலில் அவை திணறும்.

இதில் விவசாயிக்குக் கிடைக்கும் நன்மை உண்மையானது: நிச்சயமான விலை, கணிக்கக்கூடிய நாள், கூடுதல் மகசூல். அதை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் ஆபத்தும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973 இல் வெளியிட்ட ஐ.ஆர். 26 என்ற ரகம் புகையான் என்ற பூச்சியை எதிர்த்து நின்றது. தென்கிழக்கு ஆசியாவில் பரந்த நிலத்தில் அதையே போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த எதிர்ப்பை மீறும் பூச்சி பெருகிவிட்டது. எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு என்றால் திருடனுக்கு ஒரு சாவி போதும். வயல் வெவ்வேறாக இருந்தால் பூச்சி வராது என்றில்லை. வந்தாலும் எல்லா வயலிலும் ஒரே வேகத்தில் பரவாது.

தென்னையிலும் இதைப் பார்த்தோம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லட்சக்கணக்கில் தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். தோப்பை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களுக்கு அந்த ஆண்டுகள் எல்லாம் வருமானம் இல்லாத ஆண்டுகள்.

ஓயாத நெல்லுக்கு நடுவில் டெல்டா பழைய காலத்திலேயே ஓர் இடைவெளி வைத்திருந்தது. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே நிற்கும் பயிருக்குள் உளுந்தும் பச்சைப் பயறும் தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்த தாளுக்கு நடுவில் பயறு எழும்பும். உழவு இல்லை, தனிப் பாசனம் இல்லை, பனியில் வளரும், வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்தைக் கொடுக்கும். அறுவடை இயந்திரத்தின் பட்டை இளம் பயறை நசுக்குவதும், மழை தள்ளிப்போய் அறுவடை தாமதமாவதும் இந்தப் பழக்கத்தைச் சுருக்குகின்றன. புதிய திட்டங்களைத் தேடுமுன் இதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

ரகங்களின் பக்கத்தில் அந்த வேலையை எடுத்துச் செய்தவர் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, பூங்கார் என்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைச் சேர்த்தார். 2018 டிசம்பரில் மறைந்தார். நாட்டு ரகங்களில் செடிக்குச் செடி கொஞ்சம் வேறுபாடு இருக்கும். சட்டம் கேட்கும் சீர்மை அவற்றில் அவ்வளவு கச்சிதமாக இருக்காது. வெள்ளமோ வறட்சியோ வந்தால் வயலில் ஒரு பகுதியாவது நிற்பதற்கு அந்த வேறுபாடு உதவுகிறது.

திருவிழாவில் ஒரு விவசாயிக்கு ஒரு ரகத்தில் 2 கிலோ விதை கிடைக்கும். அடுத்த ஆண்டு அதே ரகத்தில் 4 கிலோ திருப்பித் தர வேண்டும். வாங்கிய மணிகளில் ஒன்றுகூட அந்த நான்கு கிலோவில் இருக்காது. திருத்துறைப்பூண்டி மண்ணில் கிடைத்தது, மயிலாடுதுறை மண்ணில் ஒரு போகம் நின்று, அங்கே பெய்த மழையைத் தாங்கி வந்திருக்கும். பையின் மேல் எழுதியிருக்கும் பெயர் மட்டும் போன வருடம் எழுதியதுதான்: மாப்பிள்ளைச் சம்பா.